மாசிலாமணிக்கு அரை அவுன்ஸ்

மணி மூன்று பத்து. நாலு மணிக்கு வருகிறேன் என்று சொன்னால் மாசிலாமணி மூன்று ஐம்பத்தொன்பதுக்கு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார், கப்பலில் முப்பத்தொரு வருஷம் சாப்பாடு பரிமாறிய மனுஷர், கரையேறி இத்தனை நாளாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆக ஐம்பது நிமிஷம் இருக்கிறது. ஐம்பது நிமிஷத்தில் ஒரு காபி போட முடியாதா என்ன, இருபத்தெட்டு வருஷமாக இந்த மலை ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுப்பவள் நான், பூங்கோதை என்று கேட்டால் ஏற்காட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது, மருந்தம்மா என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அப்பேர்ப்பட்ட மருந்தம்மா இப்போது ஃபில்டரின் மேல் மூடியை மூன்றாவது தடவையாகத் திறந்து பார்க்கிறாள். பார்க்கட்டும், டிக்காஷனுக்கு அதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி எதிர்வீட்டுக் கூரையைத் தின்றுவிட்டு என் ரோஜாத் தொட்டிக்கு வந்துவிட்டது. பதில் என்ன சொல்லப்போகிறேன்? போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் வேர்க்கடலைப் பொட்டலத்தை எனக்கு நீட்டிக்கொண்டே அவர் கேட்டார், பருவமழை எப்போது வரும் என்று கேட்கிற அதே குரலில், “மேடம், இனிமே நாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா என்னங்க? முறையா ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டுத்தான்.” கடலை புரையேறிவிட்டது. அஞ்சு நிமிஷம் இருமினேன். இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு வீட்டுக்குக் காபி சாப்பிட வாங்க, சொல்றேன்” என்றேன். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாதபோது சொல்வேனே, ஒரு வாரம் கழிச்சு வாங்க என்று, அதே மாதிரி. ஒரு வாரம் முழுசாகத் தீர்ந்துவிட்டது, மருந்து இன்னும் வந்து சேரவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு பதில் தயாராக இருக்கிறது. “நாம இப்படியே நல்ல சிநேகிதமா இருந்துடலாங்க.” திங்கள் ராத்திரியே தயாராகிவிட்டது. செவ்வாய்க்கிழமை கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன், முகம் கோணாமல் வந்தது. புதன்கிழமை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தபோது கண்ணாடியில் இருந்த பொம்பளை என்னைப் பார்த்து முழித்தாள். வியாழக்கிழமைதான் இந்தக் காபி யோசனை வந்தது, பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்க நேரமே கிடைக்கவில்லை. அவரே எப்போதோ சொன்னதுதான். அயர்லாந்தில் ஏதோ துறைமுகத்தில் எஞ்சின் ரிப்பேராகிக் கப்பல் பதினொரு நாள் நின்றுவிட்டதாம், தை மாசம், மழை, எலும்புக்குள் போகிற குளிர். இவர் மேஜைத்துணியெல்லாம் மூட்டை கட்டி வெளுக்கப்போட ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், பல் கிடுகிடுவென்று அடிக்கிறது, கடைக்கார அம்மா பார்த்துவிட்டு உட்காரச் சொல்லி ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைத்தாளாம். அடியில் சர்க்கரை, மேலே கறுப்புக் காபி, அதிலே அவர்கள் ஊர் விஸ்கி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விரல் உயரத்துக்குப் பாலாடை. “கலக்கக் கூடாதுங்க மேடம், அதான் விஷயமே. சுடச்சுட காபி, அந்தக் குளுந்த ஆடை வழியா வாய்க்கு வரணும். கலக்குனா போச்சு.” இதைச் சொல்லும்போது அவருடைய கை தானாக இல்லாத கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தது. “அன்னைக்கி ஒருநாள்தாங்க கப்பல்ல ஏறுனதுல இருந்து வீட்ல இருக்கிற மாதிரி இருந்துச்சு” என்றார். அளவு என்ன என்று கேட்டேன். கண்ணளவுதான் என்றார். கண்ணளவாம்! கண்ணளவில் மருந்து கொடுத்திருந்தால் இந்த மலையில் இத்தனை ஜனம் மிஞ்சியிருக்குமா. சரி என்று சொல்லப்போகிறேன் என்றால் இது கொண்டாட்டம், முடியாது என்றால் வெறும் காபியோடு அனுப்பினேன் என்ற பேச்சு வராது, இரண்டுக்கும் பொருந்தும் என்றுதான் இதை முடிவு செய்தேன், இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நன்றாகத்தான் கதை அளக்கிறாய் பூங்கோதை.

அந்தப் பாட்டிலை வாங்கியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இங்கே வாங்க முடியுமா, சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், மருந்தம்மாவுக்கே மருந்து தேவைப்படுதாம் என்று. லீவு போட்டுவிட்டுச் சேலத்துக்கு இறங்கினேன், இருபது கொண்டை ஊசி வளைவிலும் கடையில் எப்படிக் கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முகக்கவசம், அதன்மேல் முந்தானை, அதன்மேல் கறுப்புக் கண்ணாடி. குளுகுளு ஏ.சி. கடைக்குள் போய் நின்று, மருந்துக்கடைக்காரனிடம் கேட்கிற தோரணையில், “ஐரிஷ் விஸ்கி, இருக்கறதுலயே சின்ன பாட்டில்” என்றேன். கல்லாவில் இருந்தவர் பையன் வயசில் இல்லை, நல்ல நரைத்த மீசைக்காரர், “யாருக்காவது கிஃப்டுங்களாம்மா?” என்றார். “மருந்துக்கு” என்றேன். அவர் மிகவும் மரியாதையாகத் தலையாட்டி, “உடம்பைப் பாத்துக்கங்கம்மா” என்று சொல்லிக் காகிதம் சுற்றிக் கொடுத்தார். திரும்பிவருகிற பஸ்ஸில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் அது எங்கே இடித்துவிடுமோ என்று அணைத்துப் பிடித்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் குழந்தையை அப்படித்தான் பிடித்திருந்தாள். எனக்கு முப்பத்து மூன்று வயசில் என் வீட்டுக்காரர் கதிரவன் மஞ்சள் காமாலையில் போனபோது எங்களுக்குக் குழந்தை இல்லை, அதை நினைத்து அழுத காலம் உண்டு, ஆனால் அன்றைக்குப் பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை, உள்ளுக்குள் ஒரே குறுகுறுப்பு, பரீட்சைக்குப் பிட்டு எடுத்துக்கொண்டு போகிற பெண் மாதிரி. ஐம்பத்தைந்து வயசில் இப்படி ஒரு குறுகுறுப்பு மிச்சம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பாலாடை, பாலாடையைப் பார்க்க வேண்டும். மூன்று நாளாக எடுத்துச் சேர்த்துக் குளிர்ப்பெட்டியில் வைத்ததை வெளியே எடுத்துக் கிண்ணத்தில் போட்டாயிற்று. லேசாக அடித்தால் போதும் என்று அவர் சொன்னார், ரொம்பத் தண்ணியாகவும் இருக்கக் கூடாது, ரொம்பக் கெட்டியாகவும் கூடாது, கரண்டியில் இருந்து சோம்பேறித்தனமாக வழிய வேண்டும். சோம்பேறித்தனமாக என்றுதான் சொன்னார். அடிக்கிறேன். மத்து கையில் வந்ததும் கை அதன் வழிக்குப் போய்விடுகிறது, இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று, மனசு எங்கேயோ. என் தம்பி இளமாறனிடம் சொன்னால் என்ன சொல்வான்? “அக்கா, இந்த வயசுல இது தேவையா?” என்பான். ஏன்டா, இந்த வயசுல முட்டி வலி தேவையா, அது கேட்டுக்கொண்டா வந்தது? அவன் கிடக்கட்டும். அவன் சொல்லுக்கு நான் பயப்படவில்லை, ஊர் சொல்லுக்கும் இல்லை. பயம் வேறு இடத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் மட்டும் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இருக்கும்போது கையில் மத்து கனக்கிறது, குனிந்து பார்த்தால் கிண்ணத்தில் மோர், மோரில் உருண்டை உருண்டையாக வெண்ணெய். ஐயோ. கடைந்தே விட்டேன். ஐரிஷ்காரி யாராவது இப்படிச் செய்வாளா, மூன்று நாள் ஆடை, அழகாக வெண்ணெயாகி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய, தனியாக அடுப்படியில் நின்று சத்தமாகச் சிரித்தேன். நல்லவேளை, எதற்கும் இருக்கட்டும் என்று சேலத்தில் ஒரு டப்பா கிரீமும் வாங்கியிருந்தேன். இதை மத்துக்குக் கொடுக்கப் போவதில்லை, மூடி போட்ட பாட்டிலில் ஊற்றி இருமல் மருந்து மாதிரி குலுக்கப்போகிறேன், எண்ணி நாற்பது குலுக்கு. எண்ணிக்கொண்டிருந்தால் யோசனை ஓடாது.

ஓடியது. எண்ணிக்கொண்டே ஓடியது. பதினேழு, பதினெட்டு, அவருடைய மாத்திரைச் சீட்டு எனக்கு மனப்பாடம், அப்படித்தானே அறிமுகமே, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஜன்னலில் ஒரு கை சீட்டை நீட்டியது, ஓரமெல்லாம் மடங்காத சீட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார். ரத்தம் உறையாமலிருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. சீட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நெஞ்சு ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த ஆள். மாசாமாசம் வந்தார். ஒரு மாசம் நாலு நாள் தாமதமாக வந்தபோது அந்த நாலு நாளும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன், வந்ததும் திட்டினேன், “மாத்திரை விடலாமாங்க, விளையாட்டா?” என்று. ஒரு வேளைகூட விடவில்லை, தங்கச்சி வீட்டுக்குப் போன இடத்தில் வெளியே வாங்கிப் போட்டுக்கொண்டேன் என்று காலி அட்டையைக் காட்டினார். அந்த அட்டையைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதி ஒரு மருந்தாளுநருக்கு வரவேண்டிய நிம்மதி இல்லை, ரொம்ப ஜாஸ்தி. இருபத்தொன்பது, முப்பது. இதுதான் அந்தப் பயம், வந்துவிட்டது, இத்தனை சுற்றிப்போயும் இங்கேயே வந்து நிற்கிறது. தனியாக இருக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஏழு வருஷம் பிடித்தது. ஒரு ஆளுக்கு உலை வைக்க, ஒரு தலையணையோடு தூங்க, ராத்திரி கரண்ட் போனால் யாரையும் கூப்பிடாமல் எழுந்து மெழுகுவத்தி தேட, எல்லாவற்றையும் அ ஆ என்று முதலிலிருந்து படித்தேன். நன்றாகவே படித்துவிட்டேன். இந்த மனுஷர் வந்து ஆறு மாசத்தில் அதையெல்லாம் மறக்கடித்துவிட்டு, ஒருநாள் அவர் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால்? மறுபடியும் முதல் வகுப்பில் உட்கார எனக்குத் தெம்பு கிடையாது. நாற்பது. குலுக்கியது போதும்.

விஸ்கிக்கு அவுன்ஸ் கிளாஸ் எடுத்தேன், கோடு போட்டது, பழைய மிக்சர் காலத்து ஞாபகத்துக்கு வைத்திருக்கிறேன். ஒரு அவுன்ஸுக்கு மேலே ஊற்றுவார்களாம். எனக்குத் தெரிந்த நெஞ்சுக்கு நான் ஊற்றுவேனா? போன மாசம் டாக்டரிடம், நோயாளி யார் என்று சொல்லாமல், எப்போதாவது கொஞ்சம் சாப்பிடலாமா என்று கேட்டேன், கொஞ்சம் என்றால் பரவாயில்லை என்றார். அந்தக் கொஞ்சத்திலும் நான் பாதிதான் ஊற்றுவேன். அரை அவுன்ஸ், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது, அயர்லாந்தே வந்து நின்றாலும் கிடையாது. போன மாசம் கேட்டேன், கவனி பூங்கோதை, அவர் உன்னிடம் கேட்டதே போன வாரம்தான். கிளாஸ் இரண்டு வாங்கியிருக்கிறேன், உயரமாக, பிடி இல்லாமல், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி. முதலில் எனக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்று நாட்டுச்சர்க்கரை ஒரு ஸ்பூன் போட்டுக் கொதிக்கிற டிக்காஷனை ஊற்றினேன், டிக் என்று ஒரு சத்தம், மேலிருந்து அடிவரை மெல்லிசாக ஒரு கோடு, மேடையெல்லாம் காபி ஓடுகிறது. சூடு காட்டாமல் ஊற்றலாமா, கண்ணாடியோடு பழகியவளுக்கு இது தெரியாதா, தெரியும், இன்றைக்குத் தெரியவில்லை. துடைத்தேன். ஒரே கிளாஸ்தான் மிச்சம், அது அவருக்கு. எனக்கு எவர்சில்வர் டம்ளரும் டவராவும் போதும். டம்ளரிலேயே ஒத்திகை பார்த்தேன். கிரீம் மேலே நிற்காமல் சுருண்டு சுருண்டு உள்ளே போய்விட்டது, கொட்டி டம்ளரைக் கழுவினேன். ஏன், ஏன், நில், யோசி. மேலே இருப்பது மிதக்க வேண்டுமென்றால் கீழே இருப்பது கனமாக இருக்க வேண்டும், சர்க்கரைதான் கனம், சிரப் கலக்கியவளுக்கு இதுகூடவா மறக்கும், ஒரு ஸ்பூன் போதாது, இரண்டரை. மணி மூன்று ஐம்பது.

இந்தத் தடவை கிளாஸில் முதலில் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டினேன். சர்க்கரை இரண்டரை. டிக்காஷனும் கொதிநீரும். அவசரப்படாமல் கலக்கினேன், சர்க்கரை கரைந்து ஸ்பூனில் தட்டுப்படாமல் போகிறவரை. அரை அவுன்ஸ். விஸ்கி சூட்டில் விழுந்ததும் ஒரு வாசனை எழுந்து முகத்தில் மோதியது, வெல்லப்பாகு, ஈரமரம், ஆஸ்பத்திரி ஸ்பிரிட், எல்லாம் கலந்து, அடடா, நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஸ்பூனைக் கவிழ்த்துக் காபியைத் தொட்டும் தொடாமலும் பிடித்து, அதன் முதுகில் கிரீமை விட்டேன். மூச்சு விடவில்லை. வழிந்தது, சோம்பேறித்தனமாகவே வழிந்தது, பரவியது, நின்றது. நின்றுவிட்டது! கீழே கன்னங்கரேல், மேலே வெள்ளைவெளேர், நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி கோடு. ஐயோ, எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே கொண்டு வைப்பது. இடுப்பில் சொருகிய முந்தானையோடு அடுப்படியில் ஒரு சுற்றுச் சுற்றினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஒரு காபிக்கு யாராவது அழுவார்களா. இதை உடனே யாருக்காவது காட்ட வேண்டும் போலிருந்தது. யாருக்காவது என்ன, அவருக்குத்தான். இந்த வீட்டில் எனக்கு எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது, ரோஜா பூத்திருக்கிறது, பென்ஷன் கணக்கு சரியாகியிருக்கிறது, திரும்பிப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் அப்படியே மடித்து வைத்துவிடுவேன். இன்றைக்கு மடிக்க முடியவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது, முடியாது என்பதற்கு மட்டும்தான் இத்தனை நாளும் வாக்கியம் தயார் செய்திருக்கிறேன், சரி என்பதற்கு ஒரு வார்த்தைகூட யோசித்து வைக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

“வரலாங்களா மேடம்?” இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதன்மேல் பழைய நீல ஸ்வெட்டர், தலைமுடியில் பனி. உட்காரச் சொன்னேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. அவரும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிறவர்கள் அப்படி உட்கார்வார்கள். உள்ளே போய்க் கிளாஸை ஒரு தட்டில் வைத்து, மூச்சைப் பிடித்து நடந்து வந்து முன்னால் வைத்தேன். என்னுடைய டம்ளரையும் டவராவையும் வெறுமையாகவே பக்கத்தில் வைத்தேன், எனக்குப் போட நேரமில்லை. அவர் கிளாஸைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “மேடம்... இது...” என்றார். “நீங்க சொன்னதுதான். விஸ்கி அரை அவுன்ஸ்தான், மேலே கேக்கக் கூடாது” என்றேன். “நான் சும்மா பேச்சுக்குச் சொன்னதுங்க அது. நீங்க இத்தனை நாள் ஞாபகம் வெச்சிருந்து...” கைக்குட்டையைத் தேடினார். இப்போது சொல்லிவிட வேண்டும், எதையாவது சொல்லிவிட வேண்டும், நாம இப்படியே நல்ல, நாம இப்படியே, வாக்கியம் அதற்கு மேல் நகரவில்லை. அவர் கிளாஸை எடுத்தார், பிடி இல்லாத கிளாஸ், விரல் சுட்டுவிட்டது, சட்டென்று கீழே வைத்துவிட்டு விரலை ஊதிக்கொண்டு சிரித்தார். “நல்ல சூடுங்க. கொஞ்சம் ஆறட்டும்.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, என் கை போய்விட்டது. முந்தானை நுனியால் கிளாஸைப் பிடித்துத் தூக்கி, என் டம்ளரில் கவிழ்த்து, டம்ளரிலிருந்து டவராவுக்கு, டவராவிலிருந்து டம்ளருக்கு, முழங்கை உயர ஒன்று, தோள் உயர ஒன்று, இன்னும் ஒன்று, நுரை பொங்கிக்கொண்டு வந்தது, டம்ளரை டவராவில் வைத்து அவர் பக்கம் நகர்த்திவிட்டுத்தான் பார்க்கிறேன். வெள்ளையைக் காணோம், கறுப்பைக் காணோம், கோட்டைக் காணோம். நம் வீட்டுப் பால் காபி நிறத்தில் நுரைத்துக்கொண்டு நிற்கிறது. கலக்கக் கூடாது, அதான் விஷயமே. மூன்று நாள் ஆடை, உடைந்த கிளாஸ், இருபது வளைவு, எல்லாவற்றையும் என் கையாலேயே ஆற்றிக் கெடுத்துவிட்டேன். “ஐயையோ” என்றேன். வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் டவராவை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சொன்னார், “முப்பத்தொரு வருஷம் கேப்டன்ல இருந்து கிளீனர் வரைக்கும் நான்தாங்க ஊத்திக் குடுத்திருக்கேன். எனக்குன்னு யாரும் ஆத்திக் குடுத்தது இல்லைங்க.” அதற்கப்புறம்தான் எனக்கே விளங்கியது. இந்த வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள், டாக்டர், நர்ஸ், தம்பி பெண்டாட்டி, எல்லாருக்கும் டம்ளரையும் டவராவையும் கொண்டுபோய் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன், விருந்தாளி தன் காபியைத் தன் பதத்துக்குத் தானே ஆற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஆற்றிக் கொடுப்பது வீட்டு மனுஷருக்கு மட்டும். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் யாருக்கும் ஆற்றிக் கொடுத்ததில்லை. பயமெல்லாம் அப்படியே இருக்கிறது, ஒன்றும் குறையவில்லை, அவருடைய மாத்திரைகளும் அப்படியேதான் இருக்கின்றன, ஆனாலும் என் கை என்னைக் கேட்காமல் போய்விட்டது, போனது போனதுதான், எனக்கு அதில் வருத்தமே இல்லை, இப்படிப் பூரிப்பாக இருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்க்காமல், “மேடம், ஒரு பதில் சொல்றேன்னு சொல்லியிருந்தீங்க” என்றார்.

“ஏங்க, இன்னும் என்னத்தச் சொல்றது? ஆத்திக் குடுத்துட்டேன்ல” என்றேன். “குடிங்க, ஆறிடப் போவுது.”